பதினோராம் தேதி மாலையில் விண்டோஸ் அப்டேட் வராமலிருக்க

கேள்வி: ஈரோட்டில் வரி ஆலோசகராக இருக்கிறேன். அலுவலக டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 ப்ரோ, வீட்டு லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஹோம். போன மாதம் 11ஆம் தேதி மாலை நான்கு பேருக்கு ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு) பாக்கி இருந்தது. ஏழரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டெஸ்க்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகி, 35 சதவீதத்தில் நிற்கிறது. முக்கால் மணி நேரம் போனது. கணக்கு மென்பொருளான டாலியில் பாதி போட்டு வைத்திருந்த வவுச்சரும் போனது. தெரிந்த பையன் ஒருவர் விண்டோஸ் அப்டேட் சர்வீஸை டிசேபிள் செய்து கொடுத்தார். பத்தே நாளில் அது மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், நாளைக்கு 2 ஜிபி. அப்டேட்டை அடியோடு நிறுத்த வழி உண்டா?

பதில்: அடியோடு நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் எந்த நாள் வர வேண்டும், எந்த நாள் வரக் கூடாது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். உங்கள் தொழிலுக்கு அது போதும்.

முதலில், ஏன் 11ஆம் தேதி என்று பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்குச் செவ்வாய் இரவு 10:30, அங்கே குளிர்காலமானால் 11:30. ஆக, புதன் காலை நீங்கள் கணினியைப் போடும்போது அது வாசலில் வந்து நிற்கும். இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும். ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாளான 11, அந்த வாரத்தின் மையத்தில் இருக்கிறது. 2025ஐ மட்டும் எடுத்தால் பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்று மாதமும் இரண்டாவது செவ்வாயே 11ஆம் தேதி. ஜூனில் 10ஆம் தேதி இரவு. உங்கள் மேல் விண்டோஸுக்குத் தனிப் பகை ஒன்றுமில்லை, இரண்டு காலண்டர்கள் மோதிக்கொள்கின்றன.

மாலை ஏழரை ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’, அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்று இருக்கும். அந்த நேரத்துக்குள் தானாக ரீஸ்டார்ட் செய்ய மாட்டேன் என்று விண்டோஸ் ஒத்துக்கொண்ட நேரம் அது. உங்கள் டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் காலை 8 முதல் மாலை 5 என்று இருக்கும். அதற்குப் பிறகு கணினி சும்மா கிடப்பதாகத் தெரிந்தால் ரீஸ்டார்ட் செய்துவிடும். நீங்கள் சாப்பிட எழுந்துபோன இடைவெளி அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அங்கே ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால் ‘மேனுவல்’ என்று மாற்றி, காலை 8 முதல் இரவு 2 வரை கொடுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம்தான் தர முடியும். இது சரியாக 18. மிச்சமுள்ள ஆறு மணி நேரமும் உங்கள் அலுவலகம் பூட்டிக் கிடக்கும் நேரம். அதே பக்கத்தில், அப்டேட்டை முடிக்க ரீஸ்டார்ட் தேவைப்படும்போது அறிவிக்கச் சொல்லும் பொத்தானையும் ‘ஆன்’ செய்யுங்கள். ‘கெட் மீ அப் டு டேட்’ என்ற பொத்தான் மட்டும் ‘ஆஃப்’பில் இருக்கட்டும். அது ‘ஆன்’ என்றால் ஆக்டிவ் ஹவர்ஸைப் பாராமல் சீக்கிரமே ரீஸ்டார்ட் செய்ய நீங்களே அனுமதி கொடுத்ததாக அர்த்தம்.

அந்தப் பையன் செய்த வேலை ஏன் பலிக்கவில்லை? விண்டோஸ் அப்டேட் என்பது ஒற்றை சர்வீஸ் அல்ல. வேலையை எப்போது தொடங்குவது, எப்போது ரீஸ்டார்ட் செய்வது என்று பார்த்துக்கொள்ள ‘அப்டேட் ஆர்கெஸ்ட்ரேட்டர்’ என்று ஒன்று. அப்டேட் பாகங்களில் எதுவும் பழுதானால், அல்லது யாராவது அணைத்துவைத்தால், அதைச் சரிசெய்வதற்கென்றே ‘விண்டோஸ் அப்டேட் மெடிக்’ என்று இன்னொன்று. நீங்கள் அணைத்ததை அது பழுது என்று எடுத்துக்கொண்டு மறுபடி எழுப்பிவிடும். அதையும் சேர்த்து முடக்கும் சின்னச் சின்ன மென்பொருள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி விவரம், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கும் கணினியில், யார் எழுதினது என்றே தெரியாத ஒன்றை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடவிடுவதை என்னால் சிபாரிசு செய்ய முடியாது. அது ஒழுங்காக வேலை செய்தாலும் ஆபத்துதான். ஆறு மாதம் கழித்து, அப்டேட் நின்றுகிடக்கிறது என்பதே உங்களுக்கு மறந்துபோயிருக்கும்.

இனி நாளைக் குறிப்போம். உங்கள் மாதத்தில் 7 டிடிஎஸ் கட்டும் நாள், 11 ஜிஎஸ்டிஆர்-1, 13 காலாண்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு), தமிழ்நாட்டில் காலாண்டுக்காரர்களின் 3பிக்கு 22, அவர்களே இடை மாதங்களில் வரி கட்ட 25. மிச்சம் பார்த்தால் 23 முதல் 28 வரை, 25ஐ மட்டும் விட்டு, கொஞ்சம் மூச்சு விடும் நாட்கள். அதில் ஒரு மாலையை அப்டேட்டுக்கென்று ஒதுக்குங்கள். அப்டேட் வெளிவந்து ஒன்பது நாள் முதல் இருபது நாள் வரை ஆகியிருக்கும். அதில் ஏதாவது கோளாறு இருந்தால் அதற்குள் உலகம் முழுக்கத் தெரிந்துபோயிருக்கும், பெரும்பாலும் திருத்தமும் வந்திருக்கும்.

இதற்கான கருவி இரண்டு கணினிகளிலும் இருக்கிறது. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அங்கே ‘பாஸ் அப்டேட்ஸ்’. பக்கத்திலுள்ள பட்டியலில் ஒரு வாரம் முதல் ஐந்து வாரம் வரை தேர்ந்தெடுக்கலாம். பலர் ஒரு வாரம் என்பதைத் தட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். 4ஆம் தேதி அப்படிச் செய்தால் அது முடிகிற நாள் 11! இடைநிறுத்தம் முடிகிற நாளில் விண்டோஸ் உங்களைக் கேட்காமல் தேடி, இறக்கி, நிறுவத் தொடங்கும். அதனால் ஐந்து வாரமே கொடுங்கள். உதாரணமாக மார்ச் 24 அன்று அப்டேட்டை முடித்துவிட்டு ஐந்து வாரம் கொடுத்தால் ஏப்ரல் 28 வரை தொந்தரவு இல்லை. ஏப்ரல் 23 அல்லது 24 அன்று நீங்களாகவே ‘ரெஸ்யூம் அப்டேட்ஸ்’ அழுத்தி, நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, அன்றே மறுபடி ஐந்து வாரம். ஐந்து வாரம் முடிந்தபின் அப்டேட்டை நிறுவாமல் மறுபடி நிறுத்திவைக்க விடாது, ஆகவே இந்தச் சுழற்சியை விடாமல் பிடிக்க வேண்டும். மொபைலில் மாதம் 23ஆம் தேதிக்கு ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

ஜூலை மட்டும் விதிவிலக்கு. பலருக்கு வருமான வரிக் கணக்கின் கடைசித் தேதி 31 என்பதால் 23 முதல் 28 என்பதே உங்களுக்கு நரகமாக இருக்கும். ஜூன் 27 அன்று முடித்துவிட்டு ஐந்து வாரம் கொடுத்தால் ஆகஸ்ட் 1 வரை போகும். கணக்கு கனகச்சிதமாக ஒத்துவருகிறது. கடைசித் தேதியை அரசு நீட்டித்தால் மட்டும் ஆகஸ்ட் முதல் நாளே ஒரு மாலையைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும்.

இடைநிறுத்தம் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அப்டேட் ஏற்கெனவே இறங்கி, நிறுவி, ‘ரீஸ்டார்ட் தேவை’ என்ற கட்டத்துக்கு வந்துவிட்டால் அதன்பின் நிறுத்திவைத்துப் பயனில்லை. அப்போது அதே பக்கத்தில் ‘ஷெட்யூல் த ரீஸ்டார்ட்’ என்பதில் நாளும் நேரமும் குறித்துக்கொடுங்கள். இரண்டாவது, பவர் பொத்தானில் ‘அப்டேட் அண்ட் ஷட்டவுன்’, ‘ஷட்டவுன்’ இரண்டும் தெரிந்தால், அவசரத்தில் வெறும் ‘ஷட்டவுன்’ஐத் தேர்ந்தெடுக்கலாம். (‘அப்டேட் அண்ட் ஷட்டவுன்’ கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்து பார்த்தால் கணினி இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் கதை பலருக்கும் தெரியும். அது உங்கள் தவறல்ல, விண்டோஸின் பழைய கோளாறு. 2025 அக்டோபர் இறுதியில்தான் திருத்தினார்கள்.)

மாதத்தின் நான்காவது வாரம் என்பதால் உங்களுக்கு ஒரு வலை காத்திருக்கிறது. அந்த வாரத்தில்தான் மைக்ரோசாஃப்ட் அடுத்த மாத மாற்றங்களின் முன்னோட்டத்தை ‘ப்ரிவ்யூ’ என்ற பெயரில் விடும். அதில் பாதுகாப்புத் திருத்தம் புதிதாக எதுவும் இருக்காது. பட்டியலில் ‘ப்ரிவ்யூ’ என்ற சொல்லோடு ‘டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்’ என்று தனியாக ஒரு இணைப்பு தெரிந்தால் தொடாதீர்கள். அப்டேட் பக்கத்தில் ‘கெட் த லேட்டஸ்ட் அப்டேட்ஸ் அஸ் சூன் அஸ் தே ஆர் அவைலபிள்’ என்ற பொத்தானும் ‘ஆஃப்’பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னோட்டமும் தானே வந்து உட்காரும்.

லேப்டாப்புக்கு இதுவரை சொன்னதே போதும். ஹோம் பதிப்பில், விண்டோஸின் நடத்தைக்கு விதி போடும் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேட்டில்) வரிகளைச் சேர்த்து அதே வேலையைச் செய்யலாம் என்று சொல்வார்கள். ஹோமில் அதற்கு உத்தரவாதம் இல்லை, மெனக்கெட வேண்டாம்.

டெஸ்க்டாப் ப்ரோ என்பதால் அங்கே உங்களுக்கு அதிகப் பிடி உண்டு. ஸ்டார்ட்டில் ‘எடிட் குரூப் பாலிசி’ என்று தேடித் திறங்கள். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட், மேனேஜ் எண்ட் யூசர் எக்ஸ்பீரியன்ஸ் என்று வரிசையாக இறங்கினால் ‘கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்’ இருக்கும். ‘எனேபிள்டு’ கொடுத்தபின் கீழே எண் கேட்கும். 2 என்றால் இறக்குவதற்கு முன்பே கேட்கும். 3 என்றால் தானாக இறக்கி வைத்துவிட்டு, நிறுவுவதற்கு முன் கேட்கும். 4 என்றால் தானாக இறக்கி, நீங்கள் குறித்த நாளில் குறித்த மணிக்கு நிறுவும். உங்கள் அலுவலகத்தில் பிராட்பேண்ட் இருந்தால் 3 சரி. நாளைக்கு இத்தனை ஜிபி என்று எண்ணிச் செலவழிக்கும் இணைப்பு என்றால் 2.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ‘நோ ஆட்டோ ரீஸ்டார்ட் வித் லாக்டு ஆன் யூசர்ஸ்’ என்று இன்னொரு பாலிசியும் பார்ப்பீர்கள். கேட்கவே இனிமையாக இருக்கும். எனேபிள் செய்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். அது எண் 4 தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே வேலை செய்யும். 2, 3ல் அது வெறும் அலங்காரம்.

பாலிசியை மாற்றியதும் அப்டேட் பக்கத்தில் சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிப்பதாக ஒரு வரி தோன்றும். கணினியை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம், அந்த நிறுவனம் நீங்கள்தான். 2 அல்லது 3 வைத்தபின் உண்மையான ஆபத்து வேறு: அறிவிப்பு வரும், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளுவீர்கள், மூன்று மாதம் ஓடிவிடும். அந்த 23ஆம் தேதி நினைவூட்டல் டெஸ்க்டாப்புக்கும் சேர்த்துத்தான்.

அதே விண்டோஸ் அப்டேட் கிளையில் ‘மேனேஜ் அப்டேட்ஸ் ஆஃபர்டு ஃப்ரம் விண்டோஸ் அப்டேட்’ என்ற பிரிவும் இருக்கிறது. மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரை, வருடாந்திரப் பெரிய பதிப்பை 365 நாள் வரை தாமதப்படுத்த அங்கே இடம் உண்டு. மாதாந்திரத்துக்கு 10 நாள் என்று வைத்தால், உங்கள் மறதியையும் மீறி, 18ஆம் தேதிக்கு முன் எதுவும் வராது. ஆனால் 20ஆம் தேதி 3பி நாளில் வந்து நிற்கலாம். ஆகவே 15 நாள் வையுங்கள். 23க்கு முன்னால் வராது. ‘டூ நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ்’ என்ற பாலிசியும் அங்கேதான். உங்கள் பிரிண்டரும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்ப) டோக்கனும் இப்போது ஒழுங்காக வேலை செய்கின்றன என்றால் அதை எனேபிள் செய்துவிடுங்கள்.

பெரிய பதிப்பு என்றேன். 24எச்2, 25எச்2 போன்றவை அவை. இவற்றில் அவசரமே வேண்டாம். 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு வெளியானது. சிலருடைய கணினியில் டாகுமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்தார்கள். பழைய இடத்தில் மிச்சமிருந்த கோப்புகளை அந்த அப்டேட் அழித்துவிட்டது. நான்கே நாளில் மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்று, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி விட்டது. முதல் வாரத்தில் ஆசைப்பட்டுப் போட்டவர்கள் மாட்டினார்கள். எல்லாப் பதிப்பும் ஒரே பளுவல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 24எச்2விலிருந்து 25எச்2வுக்குப் போவது சிறிய கோப்பு ஒன்றில், ஒரு ரீஸ்டார்ட்டில் முடிந்துவிடும். 23எச்2விலிருந்து போனால் முழு விண்டோஸையே மாற்றி வைக்கும். குறைந்தது 20 ஜிபி காலி இடமும், ஹார்டு டிஸ்க் என்றால் ஒரு முழு மாலையும் வேண்டும்.

போன மாதம் 35 சதவீதத்தில் நின்றதும் இதே ஹார்டு டிஸ்க் விஷயமாக இருக்கலாம். எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) இல்லாத கணினியில் அந்த எண் நகராமல் அரை மணி நிற்பது சாதாரணம். அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்தால், விண்டோஸ் செய்ததையெல்லாம் பின்வாங்கத் தொடங்கும். அதற்கு இன்னும் அதிக நேரம் ஆகும், அபூர்வமாகக் கணினி எழாமலும் போகும். டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி இல்லையென்றால் அப்டேட் பற்றிய உங்கள் கோபத்தில் பாதி உண்மையில் அந்த ஹார்டு டிஸ்க் மேல் போக வேண்டியது.

வீட்டு ஹாட்ஸ்பாட்டுக்கு வருவோம். மாதாந்திர அப்டேட் சில நூறு எம்பியில் முடியலாம், சில மாதம் ஜிபி கணக்கிலும் போகும். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டு, செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, அந்த இணைப்பின் ப்ராபர்ட்டீஸ் பக்கத்தில் ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ஐ ‘ஆன்’ செய்யுங்கள். இது அளவு பார்த்துச் செலவழிக்கும் இணைப்பு என்று விண்டோஸுக்குச் சொல்வது அது. அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘டவுன்லோட் அப்டேட்ஸ் ஓவர் மீட்டர்ட் கனெக்‌ஷன்ஸ்’ ‘ஆஃப்’பில் இருக்கட்டும். இது ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி. மொபைலை மாற்றினாலோ ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினாலோ திரும்பச் செய்ய வேண்டும். ஒன்ட்ரைவில் பேக்கப் எடுக்கிறவர் என்றால் ஒரு எச்சரிக்கை: மீட்டர்ட் இணைப்பில் அதுவும் நின்றுவிடும்.

அப்டேட் நாளன்று லேப்டாப்பை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அங்குள்ள இணைப்பில் முடிப்பதே மலிவு. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ பக்கத்தில், உள் நெட்வொர்க்கில் உள்ள கணினிகளிடமிருந்து மட்டும் பெறலாம் என்று வைத்தால், லேப்டாப் இறக்கியதில் ஒரு பகுதியை டெஸ்க்டாப் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். இணையத்தில் உள்ள கணினிகளையும் சேர்க்கும் தேர்வு வேண்டாம், உங்கள் டேட்டாவில் ஊராருக்கு அப்டேட் பரிமாறுவானேன்?

முதலில் லேப்டாப்பில் போட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து டெஸ்க்டாப்பில் போடுங்கள். ஒன்று படுத்தாலும் இன்னொன்றில் தாக்கல் செய்யலாம். தொடங்குவதற்கு முன் டாலியில் ஆல்ட்டும் ஒய்யும் சேர்த்து அழுத்தி, ‘டேட்டா’வில் ‘பேக்கப்’ கொடுத்து, பென்டிரைவுக்கு எடுத்து, கழற்றி வையுங்கள். பிறகு பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி. புதிய லேப்டாப்புகளில் ஹோம் பதிப்பிலும்கூட டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பின் சில கணினிகள் எழும்போதே 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றன. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே பார்த்துத் தாளில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் பீரோவில் வையுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் அல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் தாங்கும் யுபிஎஸ், முக்கால் மணி நேர அப்டேட்டுக்குக் காணாது.

முடிந்ததும் கடையைச் சாத்திவிட வேண்டாம். டிஎஸ்சி டோக்கனைச் செருகி, சான்றிதழ் தெரிகிறதா, போர்ட்டலில் கையொப்பம் விழுகிறதா, ஒரு பக்கம் பிரிண்ட் வருகிறதா, டாலி திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. பிரிண்ட் சோதனையை விட்டுவிட வேண்டாம்: 2021 மார்ச் அப்டேட் சில பிரிண்டர்களுக்கு அச்சிடும்போதே நீலத் திரையை வரவழைத்தது, ஒரு வாரத்துக்குள் திருத்தம் விட்டார்கள்.

ஏதாவது கெட்டுவிட்டால், செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், ‘அப்டேட் ஹிஸ்டரி’யின் அடியில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’. கணினி எழவே இல்லையென்றால், சில முறை முயன்று தோற்றபின் அதுவே மீட்புத் திரையைக் காட்டும். அதில் ‘ட்ரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’, அங்கே குவாலிட்டி (மாதாந்திர) அப்டேட்டைத் தேர்ந்தெடுங்கள். நீக்கிய கையோடு ‘பாஸ்’ கொடுக்க வேண்டும். மறந்தால் அன்றிரவே அதே அப்டேட் திரும்பி வரும். பெரிய பதிப்பிலிருந்து பின்வாங்க 10 நாள்தான் அவகாசம்.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் இந்த நாள்குறிப்பைக் கிழித்துப் போட வேண்டும். ஏதோ ஒரு ஓட்டையை ஏற்கெனவே பயன்படுத்தித் தாக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் எச்சரித்தாலோ, மைக்ரோசாஃப்ட் செவ்வாய்க்குக் காத்திராமல் அவசர அப்டேட் விட்டாலோ, அன்று மாலையே போட்டுவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் 2017 மே 12 அன்று பரவியபோது அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வந்து, 59 நாள் ஆகியிருந்தது. அப்டேட்டை அணைத்துவைத்திருந்த கணினிகளுக்கு அது எந்த உதவியும் செய்யவில்லை.

அலுவலகத்தில் விண்டோஸ் 10 கணினி ஏதாவது மூலையில் இருந்தால் அதற்கு 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. 22எச்2 பதிப்பாக இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிப்புத் திட்டத்தில் சேரும் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்த்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதில் சேர்க்காத கணினியில் ஜிஎஸ்டி போர்ட்டலைத் திறக்க வேண்டாம்.